பன்னிரண்டாம் கட்டில்

எண்பத்தாறில் வடக்கு ருமேனியாவில், அரசாங்கப் பிள்ளைகள் விடுதி ஒன்றில் ஆயா வேலைக்குச் சேர்ந்தேன். முப்பத்திரண்டு கம்பிக் கட்டில்கள். ஆயாக்கள் இரண்டே பேர். பிள்ளைகளின் மருத்துவ அட்டையில் 'தேறாது' என்று எழுதியிருக்கும். பெயர் சொல்லிக் கூப்பிட யாருக்கு நேரம்? கட்டில் நம்பர்தான். பன்னிரண்டில் ஐந்து வயதுப் பெண் குழந்தை. பேசாது. முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருக்கும். நானும் பேசாமல்தான் ரவைக் கஞ்சி ஊட்டுவேன், விழுங்குமுன் அடுத்த கரண்டியாக.

அம்மா இறந்துபோன தந்தி வந்த அன்று எனக்கு லீவு கிடைக்கவில்லை. கஞ்சிச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு அந்தக் கட்டிலோரம் உட்கார்ந்து அழுதேன். ஆட்டம் நின்றது. கம்பிகளுக்கு நடுவே ஒரு சின்னக் கை வந்து என் கன்னத்தைத் துடைத்தது. பிறகு, தான் கடித்துக்கொண்டிருந்த ரொட்டித் துண்டை என் வாயருகே நீட்டியது.

மேற்பார்வையாளர் ஹொர்த்தென்சியாவிடம் ஓடினேன். "அக்கா, நான் அழுதப்ப பன்னிரண்டு என் கன்னத்தத் தொடச்சுச்சு. அதுக்கு எல்லாம் புரியுது. டாக்டர இன்னொரு தடவ பாக்கச் சொல்லலாமா?"

"நாய்க்குட்டிகூடத்தான் வந்து நக்கும். டாக்டர் எழுதினது தப்புன்னு சொல்ல நீ யாருடி? வேல வேணுமா, வேணாமா?"

வேலை வேண்டியிருந்தது. கஞ்சிச் சட்டியை எடுக்கத் திரும்பிப் போனேன். அதற்குப் பிறகு ஊட்டும்போது அவள் முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். இரண்டு வருஷத்தில் கல்யாணமாகி ஊரைவிட்டே போனேன்.

எண்பத்தொன்பதில் கம்யூனிஸ்ட் ஆட்சி கவிழ்ந்து வெகுகாலம் கழித்துத்தான் தேடிப்போகத் துணிந்தேன். விடுதியை மூடியிருந்தார்கள். விசாரித்ததில், டவுனில் ஒரு சின்ன வீட்டில், விடுதியிலிருந்து வந்த நாலு பெண்களோடு அவள் இருந்தாள். இருபது வயது. ஒத்தீலியா என்ற அவள் பெயரே அன்றுதான் எனக்குத் தெரிந்தது. சமையலறையில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள்.

"நீங்க யாரு?"

"சின்னதுல உனக்குக் கஞ்சி ஊட்டினவம்மா."

கத்தியை வைத்துவிட்டு என்னை உற்றுப் பார்த்தாள். "எனக்குப் பதினோரு வயசுலதான் பேச்சு வந்துச்சு. ஒரு டீச்சர் தெனமும் பேசிப் பேசி வரவச்சாங்க." ஒவ்வொரு சொல்லாக, நிதானமாகச் சொன்னாள். "நீங்க என்கிட்ட பேசுவீங்களா?"

"இல்லம்மா."

"ஏன்?"

என்னென்னவோ காரணம் வாய்வரை வந்தது. மேசைமேல் கிடந்த தோல்களை ஒரு பக்கமாக ஒதுக்கத் தொடங்கினேன்.

அவள் அடுத்த உருளைக்கிழங்கைக் கையில் எடுத்தாள். பஸ்ஸுக்கு நேரமாகும்வரை நான் கேட்டதற்கெல்லாம் மரியாதையாகப் பதில் சொன்னாள். அவளாக வேறெதுவும் கேட்கவில்லை.