கணையம் என்று எழுதாத கோப்பு

விடியும் முன்பே அந்த அறையில் விரல்கள் ஓடத் தொடங்கிவிட்டன. ஜன்னல் இல்லாத அறை. திரையில் நோயாளியின் கோப்பு வரும்; டாக்டர் எழுதியதைப் படித்து நோய்க்குரிய குறியீட்டு எண்ணைப் போட வேண்டும். அதைப் பார்த்துத்தான் காப்பீட்டுக்காரன் மருந்துக்குப் பணம் தருவான், இல்லையென்றால் கையை விரிப்பான். கோப்புக்கு இவ்வளவு என்று கூலி. டாக்டரிடம் சந்தேகம் கேட்டால் அந்தக் கோப்பு நின்றுவிடும். நின்ற கோப்புக்குக் கூலியும் இல்லை, அபராதம் வேறு என்று போன மாதம் முதலாளி புதுச் சட்டம் போட்டார். அதன்பின் யாரும் கேட்பதில்லை. அவர்களுக்கும் வயிறு என்று ஒன்று இருக்கிறதே.

எல்லோரும் அக்கா என்று அழைப்பவளின் திரைக்கு அன்று ஒரு பெண்ணின் கோப்பு மூன்றாம் முறையாக வந்தது. மலத்தில் எண்ணெய் மிதக்கிறது. தின்றது உடம்பில் ஒட்டவில்லை. கணைய நீர் மிகக் குறைவு என்கிறது பரிசோதனை; ஆனால் கொழுப்பு செரிக்காததற்குக் கணையம்தான் காரணம் என்று டாக்டர் எழுதவில்லை. அவர் எழுதாததை இவர்களாகப் போடக்கூடாது, கேட்டுத்தான் போட வேண்டும். முன்பு இரண்டு தடவையும் அபராதத்துக்குப் பயந்து, அக்கா வெறும் செரியாமை என்று எண் போட்டிருந்தாள். இரண்டு தடவையும் கணைய மாத்திரைக்குப் பணம் மறுக்கப்பட்டது. இப்போது அந்தப் பெண்ணின் எடை ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் எடை. டாக்டரிடம் கேட்பதற்கு அக்கா கேள்விப் பொத்தானை அழுத்தினாள்.

முதலாளிக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. வந்து நின்றார்.

"யாரும்மா அது, உன் சொந்தமா?"

"இல்ல சார். முகம்கூடத் தெரியாது."

"அப்புறம் உனக்கு எங்க வலிக்குது? கேள்விய எடு. செரியாமைன்னு போட்டு அனுப்பு."

"இந்தத் தடவையும் அப்படிப் போட்டா அந்தம்மா செத்துருவாங்க சார்."

"செத்தா அதுக்கும் ஒரு நம்பர் இருக்கு. போடு, அதுக்கும் கூலி தர்றேன்."

அவர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

"எடுக்க மாட்டேன் சார்."

"அப்ப பைய எடுத்துக்கிட்டுக் கிளம்பு."

அக்கா எழுந்தாள். பக்கத்து இருக்கையில் இருந்தவள் நிறைமாதக்காரி. மற்ற எவரையும்விட அந்தக் கூலி அவளுக்குத்தான் தேவை. இதுவரை தலை நிமிராதவள் சொன்னாள்:

"உக்காருங்கக்கா. என்கிட்டயும் இப்படி ஒண்ணு கிடக்கு."

அவளும் கேள்விப் பொத்தானை அழுத்தினாள். பின்வரிசையில், சோடாபுட்டி என்று எல்லோரும் கேலி செய்கிறவன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அழுத்தினான். அடுத்தவனும் அழுத்தினான். அப்புறம் வரிசை முழுவதும்.

"அத்தன பேரையும் வீட்டுக்கு அனுப்பிருவேன்."

"அனுப்புங்க சார்," என்றாள் நிறைமாதக்காரி. "நாங்க சேர்ந்தே போறோம்."

டாக்டரிடமிருந்து பதில் வரவில்லை. வரும்வரை அந்த நோயாளிப் பெண் தாங்குவாளா, நாளைக்கு இவர்களுக்கு வேலை இருக்குமா, எதுவும் தெரியாது. அக்கா பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். அறையில் ஒரு விரல்கூட ஓடவில்லை.