சுழலாத குமிழ்

எதிர்வீட்டுச் சங்கதியைப் பார்ப்பதற்கென்று நான் கடை போடவில்லை. இதபாஷிப் பேட்டையில் உருளைக்கிழங்கை மசித்து உருட்டிக் கொரொக்கே பொரித்து விற்கிறேன். எண்ணெய்ச் சட்டிக்கு நேரெதிரே மினேமுராவின் பட்டறை இருந்தால் நான் என்ன செய்ய?

மூன்று வருடமாக மினேமுரா புது ஃபிலிம் கேமரா ஒன்றைச் செய்துகொண்டிருந்தார். ரேஞ்ச்ஃபைண்டர் வகை, கண் பார்ப்பது ஒரு சின்னச் சன்னல் வழியாக, படம் விழுவது லென்ஸ் வழியாக. இனி வரும் கேமராவில் என்னென்ன வேண்டும் என்று நாடெங்கும் உள்ள கேமராப் பைத்தியங்களிடம் கேட்டு, வந்த கடிதங்களைச் சுவர் முழுக்கக் குத்தி வைத்திருந்தார். மூக்குக்கண்ணாடி போட்டவருக்கும் படத்தின் எல்லை காட்டும் சட்டக்கோடு தெரிய வேண்டும், இன்னும் கிட்டே போய் எடுக்க முடிய வேண்டும், வெளிச்சம் அளக்க ஒரு முள் வேண்டும். எல்லாம் செய்தார். மனைவி சுமியே கேட்டதை மட்டும் செய்யவில்லை.

“ஃபிலிம் உள்ள நிஜமாவே ஓடுதான்னு காட்ட மேல ஒரு துளை வைங்க. எத்தனை படம்னு காட்டற எண் அது பாட்டுக்கு ஏறுது, ஃபிலிம் நகருதான்னு யாருக்குத் தெரியும்?”

“ஃபிலிமை நகர்த்தற நெம்புகோலை இழுக்கறப்போ இடப்பக்கக் குமிழ் சுத்தும். அதைப் பார்க்கத் தெரியாதவன் என் கேமராவைத் தொடவே வேணாம்.”

என் கடை வாசலில் நின்று இதை அவர் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறார்! எனக்கே மனப்பாடம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, கேமராவைத் தயாரிக்கப்போகும் கம்பெனியிலிருந்து உபுகாத்தா வந்தார். வரைபடத்தில் அவர் முத்திரை விழுந்தால் முந்நூறு கேமரா. விழாவிட்டால் அடுத்த மாதம் பட்டறைக்குப் பூட்டு. இதை எனக்குச் சொன்னது சுமியேதான். நானாகக் கேட்டேன் என்பது வேறு விஷயம். நிபந்தனை ஒன்றே: எங்கள் தெருவில் ஒரு ரோல் எடுத்து, தெருமுனை ஃபோட்டோக் கடையில் அப்போதே கழுவிக் காட்ட வேண்டும்.

மினேமுரா உபுகாத்தாவை வரவேற்கப் போனார். அதனால் ஃபிலிமைச் சுமியே மாட்டிக் கொடுத்தாள்.

முதல் படம் நான்தான்.

“சிரிங்க அக்கா. கடன் கேட்க வந்தவனைப் பார்க்கற மாதிரி பார்க்காதீங்க,” என்றார் மினேமுரா.

சிரித்தேன். அவர் நெம்புகோலை இழுத்தார். குமிழ் அசையவில்லை. தொடக்கத்தில் தளர்வு இருக்கும் என்று விட்டுவிட்டேன். ஐந்தாவது படத்திலும் அசையவில்லை. பத்திலும் இல்லை. மினேமுராவின் கண்ணோ உபுகாத்தாவின் முகத்திலேயே இருந்தது.

அடுத்த வீட்டில் கறிவேகும் வாசனைக்கே கருத்துச் சொல்லும் வாய் எனக்கு. அன்று ஒட்டிக்கொண்டது. வந்தவர் முன்னால் சொன்னால் மனுஷனுக்கு அவமானம், முத்திரை பைக்குள்ளேயே கிடக்கும். சொல்லாவிட்டால் கழுவும்போது வெற்று ஃபிலிம். சுமியேயைப் பார்த்தேன். அவளும் குமிழைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்து, யாருக்கும் தெரியாமல், வேண்டாமென்று தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள்.

சட்டியில் ஆறு கொரொக்கே கருகின.

ஒரு ரோலுக்குள்ள முப்பத்தாறு படமும் ஆயிற்று. நெம்புகோல் இன்னும் போயிற்று.

“ஒண்ணு ரெண்டு கூட வரும்,” என்று மினேமுரா சிரித்தார். முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. சிரிப்பு நின்றது. குமிழைச் சுற்றிப் பார்த்தார். பிடிப்பே இல்லாமல் சுழன்றது.

“என்ன ஆச்சு?” என்றார் உபுகாத்தா.

நானாக இருந்தால் ஷட்டர் மேல் பழி போட்டிருப்பேன். மினேமுரா இடுப்பு வரை குனிந்தார்.

“ஃபிலிம் மாட்டிக்கவே இல்ல. ஒரு படமும் கிடையாது. குமிழ் சுத்தலங்கறதை நான் பார்க்கல.”

“செஞ்ச நீங்களே பார்க்கலைன்னா, வாங்கறவன் எங்க பார்ப்பான்?”

மினேமுரா என் கடையின் காகிதப் பையை எடுத்து, பென்சிலால் வரைந்தார். படத்தை எண்ணும் முள்ளுக்குப் பக்கத்தில் ஒரு துளை. அதற்குள், ஃபிலிம் இழுத்தால் மட்டும் சுழலும் வரிபோட்ட வட்டு. யோசிக்கவே இல்லை, கை பாட்டுக்குப் போயிற்று. மூன்று வருடமாகத் தலைக்குள் வரைந்து வரைந்து அழித்திருப்பார் போல.

எண்ணெய் ஊறிய பையை உபுகாத்தா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “எத்தனை நாள்?”

“வெள்ளிக்கிழமை.”

“அன்னிக்கு வரேன்.” முத்திரைப் பெட்டியை மூடிக்கொண்டு போனார்.

அந்த மூன்று நாளும் பட்டறை விளக்கு அணையவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை மறுபடி நான்தான் முதல் படம். வட்டு சுழன்றது. எல்லாப் படமும் விழுந்தது. முத்திரையும் விழுந்தது.

சாயங்காலம் சுமியே கடைக்கு வந்தாள்.

“முப்பது வருஷமா கண்ணை மூடிக்கிட்டே ஃபிலிம் மாட்டறவ நீ. அன்னிக்கு மட்டும் எப்படிடி கை தவறுச்சு?” என்று கேட்டேன்.

“நாலு குடுங்க அக்கா,” என்றாள். “கருகினது வேணாம்.”

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். மினேமுராவிடம் மட்டும் சொல்லவில்லை.