சிவப்பு நூல் தைத்த கம்பளி

சண்டையில் புருஷன் செத்தால் பெண்டாட்டிக்குப் பட்டாளத்துச் சோறு நின்றுவிடும். சில நாளுக்குள் வேறொரு சிப்பாயைக் கட்டிக்கொண்டால் உண்டு, இல்லையென்றால் அந்நியக் கரையில் பிச்சைதான். அதனால் ஆங்கிலேயப் பட்டாளத்துப் பெண்கள் முன்கூட்டியே ஆள் பார்த்து வைப்பார்கள். தன் மனைவி ஹெஸ்டர் யாரைப் பார்த்து வைத்திருக்கிறாள் என்பதுதான் எனோக்கை அரித்துக்கொண்டிருந்தது.

இத்தாலியில் மெய்தா சமவெளியில் ஜூலை வெயில். எதிரே பிரெஞ்சுக்காரர்கள் வந்துகொண்டிருந்தார்கள். முதுகில் கம்பளி புழுங்கியது. அதைக் கழற்றிப் போட உத்தரவு வந்ததும் எல்லோரும் திரும்பி நின்று வீசினார்கள். பக்கத்து ஆள் கைல்ஸின் கம்பளி எனோக்கின் காலடியில் விரிந்தது. கிழிசலில் சிவப்பு நூல் தையல். அதே தையல் எனோக்கின் கம்பளியிலும் இருந்தது. ஹெஸ்டரின் கை வேலை! அவள் பார்த்து வைத்த ஆள் இவன்தான்.

இவர்கள் முதுகு காட்டி ஓடுவதாக நினைத்துப் பிரெஞ்சுக்காரர்கள் கூச்சலோடு பாய்ந்தார்கள். இவர்களோ நிதானமாகத் திரும்பிச் சுட்டார்கள். முன்வரிசை சரிந்தது. கத்தி செருகிய துப்பாக்கியோடு ஓடிய எனோக்கின் மனதில் ராஜாவும் இல்லை, நாடும் இல்லை. தான் செத்தால் அவள் கைல்ஸின் தட்டில் கஞ்சி ஊற்றுவாள், அதனால் சாகக்கூடாது. அவ்வளவுதான்.

எனோக்கைக் குத்த வந்தவனைக் கைல்ஸ் இடித்துத் தள்ளினான். அதற்குள் இரண்டு பேர் கைல்ஸை மடக்கிவிட்டார்கள். அவன் எனோக்கைக் கூப்பிட்டான். எனோக்குக்கு நன்றாகவே கேட்டது. கால்தான் சற்றுத் தயங்கியது. கைல்ஸ் விழுவதற்கு அந்தத் தயக்கம் போதுமாக இருந்தது.

சாயங்காலம் கடற்கரையில் ஹெஸ்டர் எனோக்கின் முகத்தைத் துடைத்துவிட்டாள். கைல்ஸ் செத்ததைச் சொல்லிவிட்டு அவள் முகத்தையே பார்த்தான். அவள் அழுதாள்.

"நல்லா அழு. கம்பளி தெச்சுக் குடுத்தவதானே."

"ஆமா, தெச்சேன். நீ போயிட்டா நான் எங்க போவேன்? அவன் குடிக்கமாட்டான், கை நீட்டமாட்டான். அதனால, நீ போயிட்டா என்னைக் கட்டிக்கணும்னு அவன்கிட்ட சொல்லிவெச்சேன். சண்டையில உன் பக்கத்தை விட்டு நகர மாட்டேன்னு சத்தியம் பண்ணான். அதுக்கப்புறம்தான் தெச்சே குடுத்தேன்."

எனோக் கஞ்சித் தட்டைக் கீழே வைத்தான். ஹெஸ்டர் மூக்கைச் சிந்திக்கொண்டு, அடுத்த சண்டை எப்போது என்று கேட்டாள். கேட்டபடியே, நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

காலையில் அவன் கண்காணிக்க வேண்டியிருந்தது ஒருவனைத்தான்.