தண்ணீரில் விளைந்த மஞ்சள்

சாயத் தொழிற்சாலை ஆய்வகத்திலிருந்து ஓய்வுபெற்ற பிறகும் நான் பாதி நாள் அங்கேயேதான் கிடந்தேன். தங்கை இன்னும் அங்கே வேலை பார்த்தாள். சாயத்தைக் கரைக்கும் டொலுவீன் திரவத்தின் வாடை எப்படியென்றால், உள்ளே வந்த கொசு இரண்டு கொட்டாவி விட்டுவிட்டு என் தோளிலேயே தூங்கிவிடும். தங்கைக்கு அது வேடிக்கையில்லை. தீராத தலைவலி. இனியும் அதை முகர்ந்தால் வேலையை விட வேண்டியதுதான் என்று மருத்துவர் கையை விரித்துவிட்டார். விட்டால் அவள் வீட்டில் அடுப்பு எரியாது.

ஆகவே மஞ்சள் சாயத்தை டொலுவீனுக்குப் பதில் வெந்நீரில் செய்து காட்டுகிறேன் என்று மேலாளரிடம் கேட்டிருந்தாள். ஒத்தாசைக்கு நான்.

வேதிவினை நடந்தது. நடந்த வேகத்தில் பூமியே ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றியிருக்கும். பிறகு சாயத்தைப் பிரிக்க, சூடு ஆறுமுன் பிரிபுனலில் ஊற்றி, டொலுவீன் விட்டுக் குலுக்கி இறக்கினோம். காலமெல்லாம் கை பழகிய வேலை. இருவருக்கும் உறைக்கவே இல்லை.

மேலாளர் டொலுவீன் டின்னைத் தூக்கிப் பார்த்தார். காலி.

"தண்ணியில செய்றேன்னு சொல்லிட்டு, பிரிக்கிறதுக்கு இவ்வளவா? நல்ல சிக்கனம்தாம்மா உங்களுது."

மறுபடி செய்தாள். வினை முடிந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு மேசையில் தலையைச் சாய்த்தாள். நான் புனலை எடுத்தேன்.

"வை அண்ணா. குலுக்கத் தெம்பில்ல. கொஞ்சம் ஆறட்டும்."

ஆறியது. ஆற ஆற, தண்ணீரோடு ஒட்டும் உறவும் வேண்டாம் என்பதுபோல் மஞ்சள் பொடி அடியில் இறங்கிற்று. வெகுநேரம் அதையே பார்த்தவள், வடிதாளை எடுத்து வடித்தாள். உலர்த்திச் சோதித்தோம், அதே சாயம்தான். டொலுவீன் ஒரு சொட்டும் செலவில்லை. நான் ஆடிய ஆட்டத்தில் அடுத்த கட்டடத்துச் சுவர் விரிசல் விட்டது. அவள் சிரிக்கக்கூட இல்லை.

மேலாளருக்கு மகிழ்ச்சி. இனி மஞ்சளை மட்டும் அவள் செய்யட்டும், மற்ற சாயங்களைப் பழைய முறையில் செய்யப் புது ஆள் போட்டுக்கொள்ளலாம் என்றார். கேட்டது கிடைத்துவிட்டது. கும்பிடு போட்டுக் கிளம்ப வேண்டியவள் நின்றாள்.

"வர்ற ஆளுக்கும் மூக்கு இருக்கும் சார்."

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்போ மத்ததையும் நீங்களே தண்ணியில செஞ்சு காட்டுங்க. ஆகலேன்னா ஆள் வருவாங்க."

நெற்றியை அழுத்திக்கொண்டே சிவப்புக்கான குடுவையைக் கழுவினாள். சிவப்பு, மஞ்சளைப்போல் சொன்ன பேச்சு கேட்காது.

"இது லேசுல முடியாதுண்ணா. நீ வீட்டுக்குப் போறதுன்னா போ."

நான் வெந்நீர் வைத்தேன்.