பொணமா நடிச்ச மாமாவுக்கு

நான் உங்க கடைக்கு மேல்மாடியில குடியிருக்கிற அக்காவோட தம்பி. வீட்டுல என்னைச் சின்னவன்னு கூப்பிடுவாங்க. வயசு இருபத்தி மூணு. வெளிநாட்டுல ஒரு ஓட்டல் லாண்டரியில வேலை. இப்போ பின்பக்கம் அழுக்குத்துணி மூட்டைமேல உக்காந்து பேசிக்கிட்டிருக்கேன், போன் தானா எழுதிக்குது. நீங்க அண்ணனா அக்காவான்னு தெரியல. உங்க ஜெராக்ஸ் கடை நம்பர் அக்கா முன்னாடி அனுப்பின ஒரு பில்லுல இருந்துச்சு. வாய்ஸா அனுப்பினா கடையில நிக்கிறவங்க எல்லார் காதுலயும் விழும், அதான் எழுத்தா அனுப்புறேன்.

விஷயம் எங்க மாமாவப் பத்தி, அக்கா புருஷன். சினிமாவுல லைட்டு தூக்குறவரு. ஒரு ரவுடிப் படம், காமெடி. அதுல பொணமா நடிக்க வந்த ஆளுக்குச் சிரிப்பு அடங்கவே இல்லையாம். டைரக்டர் திரும்பிப் பாத்திருக்காரு, லைட்டுப் பெட்டிமேல மாமா வாயப் பொளந்துக்கிட்டு தூங்குறாரு. "இவரப் போடுங்கய்யா"ன்னுட்டாரு. இப்படித்தான் எங்க மாமா நடிகரானாரு.

கதை என்னன்னா, ஒரு ஆளு பாத்ரூம்ல வழுக்கி விழுந்து செத்துப் போயிடுறான். ரெண்டு ரவுடி கும்பல், நாங்கதான் கொன்னோம், நாங்கதான் கொன்னோம்னு பேரு வாங்கச் சண்டை போட்டு, அந்தப் பொணத்த மாத்தி மாத்தித் தூக்கிட்டு ஓடுது. அவ்வளவுதான் படம்.

வீட்டுல ஆளுக்கொரு பேச்சு. அம்மா இடைவேளைக்கு முன்னாடியே எந்திரிச்சு வந்துட்டாங்க. "கல்லு மாதிரி இருக்குற மாப்பிள்ளை கண்ணு மூடிக் கெடக்குறதப் பாக்கவா டிக்கெட் எடுத்தேன்?" அப்பா, "முதல் பாதி தேவலாம், ரெண்டாவது பாதி ஜவ்வு"ன்னாரு. பெரியம்மா, "பேசாம கெடந்ததால மானம் தப்பிச்சுது"ன்னாங்க. அக்கா மட்டும் நாலு தடவை பாத்திருக்கா.

எனக்கு இந்தப் பேச்சு எதுவும் அப்போ தெரியாது. அம்மா 'பொணம்'ங்கற வார்த்தைய யாரும் வாயில எடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டதால, எனக்குச் சொன்னதெல்லாம் "மாமா படம் முழுக்க வர்றாரு" மட்டும்தான். போன வாரம் மாமா கூப்பிட்டாரு.

"மாப்ள, படம் பாத்தியா?"

எனக்கு அன்னைக்கு ரெண்டு ஷிப்ட். படமும் இங்க அப்போ வரல. ஆனா அவரு குரல்ல இருந்த ஆசையக் கேட்டதும் வாய் தன்னால பேசிருச்சு.

"பாத்தேன் மாமா! சூப்பர்!"

"நான் எப்படிடா?"

"நீங்க பேசின அந்த டயலாக்குக்கு தியேட்டரே கைதட்டுச்சு மாமா!"

"சரிடா, வேலையப் பாரு"ன்னு வச்சுட்டாரு.

பொணத்துக்கு ஏதுங்க டயலாக்கு? அக்கா அப்புறம் கூப்பிட்டு கிழிகிழின்னு கிழிச்சா. "ஏண்டா, பாக்கலன்னா பாக்கலன்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? நல்லாருக்குன்னு சொன்ன எல்லாருமே உன்ன மாதிரி பாக்காமத்தான் சொன்னாங்கன்னு நெனச்சுட்டாரு மனுஷன்."

இப்போ அடுத்த படத்துக்கு அவரக் கூப்பிட்டிருக்காங்க. இதுல உசுரோட வர்ற வேஷம், பேசுற வேஷம். நாளைக்குக் காலையில பத்து மணிக்குள்ள பதில் சொல்லணும். "எனக்கு லைட்டே போதும்"னு சொல்லிட்டு போன ஆஃப் பண்ணிட்டாராம். அக்காவும் நேத்துல இருந்து என் போன எடுக்கல.

இன்னைக்குப் பகல் எனக்கு லீவு, ராத்திரி ஷிப்ட்தான். படம் இங்க வந்திருச்சு. மத்தியானக் காட்சிக்குப் போனேன், ரூம்ல இருக்குற டிரைவரண்ணனும் எங்க இஸ்திரி அண்ணனும் கூட வந்தாங்க. மாமா, இது எல்லாம் இப்போ உங்களுக்குத்தான் சொல்றேன். சத்தியமா பாத்தேன்.

படம் பரவால்ல மாமா, அவ்வளவுதான். மாடிப்படியில உங்களத் தலைகீழா இறக்குற சீன்ல வயிறு வலிக்கச் சிரிச்சேன். டிரைவரண்ணன் முன் சீட்டயே ஒதைச்சுட்டாரு, முன்னாடி இருந்தவரு திட்டினாரு. ஐஸ் ரூம் சீன் இழுவை. அதுல உங்க வயிறு ரெண்டு தடவை ஏறி இறங்குச்சு, நான் பாத்தேன். பொய் சொல்ல மாட்டேன் இனிமே.

இஸ்திரி அண்ணன் மட்டும் ஒரு தடவைகூட சிரிக்கல. வெளிய வந்ததும் டிரைவரண்ணன் கேட்டாரு, "என்னண்ணே, உங்க சட்டைக்குப் போடுற கஞ்சிய மூஞ்சிக்கும் போட்டுட்டீங்களா?"

அதுக்கு அவரு, "எங்க தெருவுல இந்த மாதிரி ஆளுங்க நெஜமாவே இருந்தாங்கப்பா. எந்தம்பிய அவங்கதான் கொன்னாங்க. எனக்கு எப்படிச் சிரிப்பு வரும்?"ன்னாரு.

டிரைவரண்ணன் அவரு தோள்ல கைய போட்டாரு. கொஞ்ச தூரம் நடந்தப்புறம் இஸ்திரி அண்ணனே சொன்னாரு. "ஆனா அந்தச் செத்தவனா நடிச்சவன் நல்லா பண்ணிருக்கான். மத்தவனெல்லாம் குதிக்கிறான், கத்துறான். இவன் பாட்டுக்கு, யாரோ வீட்டுப் புள்ள மாதிரி கெடந்தான். நான் அவனையேதான் பாத்துக்கிட்டிருந்தேன்."

அது எங்க மாமான்னு நான் சொல்லவே இல்ல மாமா அதுவரைக்கும். என் மேல இருந்த கோவத்துல நீங்க பேசாம இருக்கும்போது உங்க பேரச் சொல்லிக்கக் கூச்சமா இருந்துச்சு. அப்புறம் சொன்னேன். அவரு நடுரோட்டுல நின்னுட்டாரு. "உசுரோட இருக்காரா?"ன்னு கேட்டாரு. நடிப்புன்னு தெரியும் அவருக்கு, இருந்தாலும் கேட்டாரு. "இருக்காருண்ணே, கோவமா இருக்காரு"ன்னேன். அப்போதான் சிரிச்சாரு.

அடுத்த படம் வேணுமா வேணாமாங்கறது உங்க இஷ்டம் மாமா. கதை புடிக்கலன்னா வேணாம்னு சொல்லுங்க. அம்மாவுக்காக வேணாம்னாலும் சரி. என் வாய்க்கொழுப்பால மட்டும் வேணாம்னு சொல்லிடாதீங்க.

கடைக்காரரே, இத்தனை நேரம் படிச்சதுக்குக் கோடி புண்ணியம். தயவு செஞ்சு ஒரு மாடி ஏறிப் போய், இடது பக்கக் கதவத் தட்டி, இத மாமாகிட்டப் படிச்சுக் காட்டுங்க. பத்து மணிக்கு முன்னாடி போன ஆன் பண்ணச் சொல்லுங்க.