நாலாம் குரல்

ஆபீசில் அவளுக்குக் 'காது' என்று பட்டப்பெயர். ஊர்ப்பட்ட குறையெல்லாம் அவள் காதில்தான் விழும் என்பதால் வந்த பெயர். கைபேசியில் ஆடும் விளையாட்டு ஒன்றைத் தயாரிக்கிற நிறுவனம் அது. ஆடுகிறவர்கள் எழுதி அனுப்பும் கருத்துகளைப் படித்துப் பிரித்து வைப்பது அவள் வேலை. அதிலும் ஒரே ஒரு திரையைப் பற்றி வருபவை மட்டும். ஆட்டம் தொடங்குமுன் ஒவ்வொருவரும் தனக்கென்று ஓர் ஆளை உருவாக்கிக்கொள்ளும் திரை. மூக்கு, முடி, நிறம், உயரம், நடை, குரல் என்று எதை வேண்டுமானாலும் அங்கே இஷ்டத்துக்கு மாற்றலாம்.

தொப்பை வைக்க ஏன் வழியில்லை, தொப்பை இல்லாத வீரனை நான் எப்படி நம்புவது என்று ஒருவர் கேட்டிருப்பார். ஞாயிறு முழுக்க உட்கார்ந்து முகம் செய்தேன், பொழுது சாய்ந்துவிட்டது, ஆட்டத்தை இன்னும் தொடவேயில்லை, ஆனாலும் ஐந்து நட்சத்திரம் என்று ஒரு பெண் எழுதியிருப்பாள். சொந்த முகத்தைத்தான் மாற்ற முடியவில்லை, இங்கேயாவது தாடையை என் விருப்பத்துக்கு விடக்கூடாதா என்று இன்னொருவர். ஒருவன் தன் மேனேஜரை அச்சு அசலாகச் செய்து, தினமும் மலையிலிருந்து குதிக்க வைப்பதாக எழுதியிருந்தான். அதை அவள் சத்தமாகப் படித்துக் காட்டியபோது ஆபீசே விழுந்து விழுந்து சிரித்தது. அவள் மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை.

மழை தொடங்கிய வாரத்தில்தான் அந்தக் கருத்து வந்தது. "நாலாம் குரல் நன்றாக இருக்கிறது. ஆனால் ஆள் சும்மா நிற்கும்போது ஏதோ முணுமுணுக்கிறான். நிறுத்த வழி உண்டா?"

திரையில் எட்டுக் குரல்கள் உண்டு. நாலாவது அவளுடைய அண்ணனின் குரல்.

அண்ணன் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். விளையாட்டு தயாரான காலத்தில், நல்ல கம்பீரமான குரல் தெரிந்தால் சொல்லுங்கள் என்று ஆபீசில் கேட்டார்கள். அவள் அவரை அழைத்து வந்தாள். அலமாரி மாதிரி ஓர் அறைக்குள் நின்று "வா", "போகலாம்", "பிடி", "ஐயோ" என்றெல்லாம் பேசிவிட்டு, வேர்க்க விறுவிறுக்க வெளியே வந்தார். "ஒரு மனுஷன் எத்தனை தடவைதான் செத்து விழறது?" என்று சிரித்தார்.

அதற்கடுத்த வருடம் அவர் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. அறுவை செய்து எடுத்தார்கள். கட்டியோடு குரலும் போயிற்று. குரலுக்குப் போகிற நரம்பு அடிபட்டுவிட்டது, வந்தாலும் வரலாம் என்றார் டாக்டர். வாயைத் திறந்தால் காற்று மட்டும் வந்தது. 'பிரேக்' என்று கத்த முடியாதவரை வண்டி பழகுகிறவர் பக்கத்தில் யார் உட்கார வைப்பார்கள்? அண்ணன் வீட்டோடு இருந்தார்.

காது அந்தக் கருத்தை ஒலிப்பதிவாளரிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் நாலாம் குரலின் பதிவுகளை ஒவ்வொன்றாக ஓடவிட்டுப் பார்த்தார்.

"முணுமுணுப்பும் இல்ல, ஒன்னும் இல்ல. அவங்க போன்ல வேற ஏதோ ஓடியிருக்கும்மா," என்றார்.

மறுநாள் அதே மாதிரி இன்னும் பல கருத்துகள் வந்தன. ஒருவருடைய ஆள் சண்டைக்கு நடுவில், சட்டைப் பொத்தான் எங்கே விழுந்தது என்று கேட்டதாம். இன்னொருவருடைய ஆள் குதிரை மேல் உட்கார்ந்துகொண்டு, "கண்ணாடியைப் பாத்துத் திருப்புங்க, பதறாதீங்க" என்றதாம். அவளுக்கு வண்டி பழக்கியபோது அண்ணன் சொன்ன அதே வார்த்தைகள்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போனாள். பட்டப்பகல். அண்ணன் அடுக்களையில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தார். அண்ணி உள்ளறையில் கட்டில் நிறையத் துணியைக் கொட்டி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, ஒன்னு சொல்றேன், சிரிக்கக் கூடாது," என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள்.

அண்ணி சிரிக்கவில்லை. தலையணை உறைகளுக்கு அடியிலிருந்து தன் கைபேசியை எடுத்து நீட்டினாள். திரையில் ஒரு புல்வெளி. அதில் மஞ்சள் முடியும் பச்சை பூட்சுமாக ஓர் உயரமான பெண் கை கட்டி நின்றாள்.

"இது யாரு அண்ணி?"

"யாரோ. தொறந்ததும் வந்த மூஞ்சி. எனக்கு மூக்கும் முடியும் எதுக்கு? குரலை மட்டும் தேடிப் பிடிச்சு வெச்சேன்."

"எப்பலேர்ந்து?"

"அவருக்குப் பேச்சு போனதுலேர்ந்து. 'வா, போகலாம்'னு சொல்லும். அது போதும்னுதான் இருந்தேன். இப்பக் கொஞ்ச நாளா நெறையப் பேசுது."

"பயமா இல்லையா உங்களுக்கு?"

"என் புருஷன் குரலுக்கு நான் ஏன் பயப்படணும்?"

அப்போது மஞ்சள் முடிக்காரி வாயைத் திறந்தாள். அண்ணனின் குரல், அந்தக் கனமும் இழுப்பும் மாறாமல், வந்தது. "இந்தக் குழாய் சொட்டிக்கிட்டே இருக்கு. மாத்தணும்."

கதவு பாதி திறந்திருந்தது. அடுக்களையில் அண்ணன் குழாயடியில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உதடுகள் அசைந்தன.

"ரப்பர் போயிருக்கும்," என்றது கைபேசி. அண்ணன் வாயை மூடிக்கொண்டார்.

"அண்ணி, திரும்பிப் பாருங்க," என்றாள் காது மெல்ல.

அண்ணி திரும்பினாள். அண்ணன் டம்ளரைக் கவிழ்த்து வைத்தபடி மறுபடி ஏதோ சொன்னார். கைபேசியிலிருந்த பெண் அதைச் சத்தமாகச் சொன்னாள். அண்ணியின் கையிலிருந்த துணி நழுவிக் கீழே விழுந்தது.

"அப்ப இத்தனை நாளும்," என்றாள், "தனக்குத்தானே பேசிக்கிட்டேதான் இருந்தாரா?"

அந்த வாரம் முழுக்கக் காதுக்கு ஆபீஸ் வேலை நரகமாக இருந்தது. கருத்துகளைத் திறந்தால் அண்ணன் மனசைத் திறந்தது மாதிரி இருந்தது. "என் ஆள் இன்று காலை 'இவளுக்கு நான் பாரம்' என்றான். யாரைச் சொல்கிறான்? கதை எங்கே போகிறது? ஆவலாக இருக்கிறேன்." "சோகக் குரல் வைத்ததற்கு நன்றி. என் வீரனுக்கு உயிர் வந்துவிட்டது." "வீட்டுக்குப் போனால் அவனோடுதான் உட்காருகிறேன். ஆடுவதுகூட இல்லை." ஒரே ஒருவர் மட்டும், பாவம், அவனைக் கொஞ்சம் சிரிக்க வைக்க வழி செய்யுங்கள் என்று கேட்டிருந்தார்.

மேனேஜருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "ஜனங்க கேக்கறது இதைத்தான். மத்த ஏழு குரலுக்கும் இதே மாதிரி பண்ணிடுங்க," என்றார்.

"சார், நான் இதைப் பண்ணவே இல்ல," என்றார் ஒலிப்பதிவாளர். மேனேஜர் அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

இனியும் மூடி மறைப்பதில் அர்த்தமில்லை என்று காது அண்ணனிடம் போய்ச் சொன்னாள். கருத்துகளைக் காட்டினாள். அவர் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். 'பாரம்' என்ற இடத்தில் விரல் நின்றது. உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அன்றோடு அவர் உதடு அசைவதும் நின்றது. சாப்பிட மட்டும் வாயைத் திறந்தார். ஆபீசுக்குக் கருத்துகள் குவிந்தன: நாலாம் குரல் ஊமையாகிவிட்டது, உடனே சரிசெய்யுங்கள்.

அண்ணியால் அதைத் தாங்க முடியவில்லை. ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் அவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, அந்த இடத்தில் கைபேசியைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து நிறுத்தினாள். காது பக்கத்தில்தான் இருந்தாள்.

"யாரு கேட்டா என்ன? எங்கிட்டப் பேசுங்க."

அவர் நெடுநேரம் திரையைப் பார்த்தார். பிறகு உதடு மெல்லப் பிரிந்தது.

"உனக்கு வேற மூஞ்சியே கெடைக்கலையா?" என்றாள் மஞ்சள் முடிக்காரி, அண்ணனின் குரலில்.

அண்ணிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அன்று மதியம் முழுக்கப் பேசினார்கள். ஆஸ்பத்திரியில் இருந்த நாட்கள், கதவிடுக்கில் விரல் மாட்டியபோது கத்த முடியாமல் நின்றது, வண்டி பழக வந்த ஒரு கிழவர் விளையாட்டு மைதானத்துக்குள் காரை விட்டது என்று ஒன்றுவிடாமல் பேசினார்கள். கடைசியில் அண்ணன், "இந்தக் குரலை எடுக்கச் சொல்லிடு," என்றார்.

"உங்களுக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு?" என்றாள் அண்ணி.

"நாம பேசறதை முன்பின் தெரியாதவங்க ஆயிரம் பேர் கேக்கறாங்க."

"கேட்டுட்டுப் போறாங்க! அவங்களுக்கு அது விளையாட்டு."

"அதான் சொல்றேன். எடுக்கச் சொல்லு."

அண்ணி எழுந்து உள்ளே போய்விட்டாள். அவர் காகிதத்தை எடுத்து, என் குரலைப் பயன்படுத்த இனி எனக்குச் சம்மதமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தங்கையிடம் கொடுத்தார்.

மேனேஜர் குதித்தார். நிறுவனத்தின் வழக்கறிஞர், வம்பு வேண்டாம் என்றதும் அடங்கினார். ஒலிப்பதிவாளர் நாலாம் குரலை அழித்துவிட்டு, வெளியே போய்த் தேநீர் குடித்தார். அதை வைத்திருந்தவர்களுக்கெல்லாம் குரல் தானாக முதல் குரலுக்கு மாறியது. நண்பனைக் கொன்றுவிட்டீர்கள் என்று திட்டிக் கருத்துகள் வந்தன. வீட்டில் அண்ணி ஒரு வாரம் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்தத் திட்டுகளுக்கு நடுவில்தான் ஒரு நீண்ட கடிதம் கிடந்தது. எழுதியவருக்குப் பிறவியிலேயே காது கேட்காது. "உங்கள் எட்டுக் குரலும் எனக்கு ஒன்றுதான். கண்ணை மூடிக்கொண்டு தொட்டதில் நாலாவது வந்தது. அதை எடுத்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள். ஆனால் என் ஆளின் உதடு இன்னும் அசைகிறது. எனக்கு உதடு படிக்க வரும். இன்று அவர், மனைவி பேசமாட்டேன் என்கிறாள் என்று வருத்தப்பட்டார்."

காது அவருக்குப் பதில் எழுதினாள். மிரட்சி ஒரு பக்கம் இருந்தாலும், உதடு படிக்க எப்படிக் கற்றுக்கொள்வது என்றுதான் கேட்டாள். அவர் விவரமாக எழுதினார்: பேசுகிறவர் முகத்தில் வெளிச்சம் விழ வேண்டும், முதலில் கண்ணாடி முன் நின்று சொந்த வாயைப் பாருங்கள், ஒரு வார்த்தை தப்பினால் அதிலேயே நிற்காதீர்கள், வாக்கியத்தோடு போங்கள்.

அதை அண்ணியிடம் கொடுத்தாள். அண்ணி விடாப்பிடிக்காரி. அண்ணனை ஜன்னலோரம் உட்கார வைத்து, அவர் வாயையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். முதலில் அவர் ஒன்று சொல்ல அவள் ஒன்று புரிந்துகொண்டு இருவரும் சிரித்தார்கள். மழை விட்டு வெயில் ஏறிய மாதங்களில் தடையில்லாமல் பேசிக்கொண்டார்கள். சண்டையும் பழையபடி வந்தது. கோபம் வந்தால் அண்ணி கண்ணை மூடிக்கொள்வாள். அவர் மேசையைத் தட்டுவார். காதுக்கு அந்த வீட்டுக்குப் போவது மறுபடி சந்தோஷமாக இருந்தது.

ஒரு நாள் அவள் போனபோது அண்ணன் கூடத்தில் நாற்காலியில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். அண்ணி அவளைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள்.

"இதைப் பாரு."

கைபேசியில் அதே புல்வெளி. மஞ்சள் முடிக்காரியின் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தன. காது கூடத்தை எட்டிப் பார்த்தாள். அண்ணனின் வாய் இறுக மூடியிருந்தது.

"அண்ணன் தூங்கறாரே?"

"அதான் சொல்றேன். மொதல்ல அவர் பேசறதைத்தான் சொல்லிச்சு. கொஞ்ச நாளா அவர் சும்மா இருக்கும்போதும் பேசுது."

"தூக்கத்துல மனசுக்குள்ள ஏதாவது நெனைப்பாரா இருக்கும்."

"இல்ல. இது என் பேரைச் சொல்லுது. கல்யாணமானதுலேர்ந்து ஒரு தடவைகூட அவர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல."

மஞ்சள் முடிக்காரி புல்லில் நடந்து முன்னால் வந்தாள். யாரும் திரையைத் தொடவில்லை. அவள் முகம் திரை முழுவதையும் அடைத்தது. உதடு மறுபடி அசைந்தது. அண்ணி பட்டென்று கைபேசியைக் கவிழ்த்தாள்.

"என்ன அண்ணி? இப்ப என்ன சொல்லிச்சு?"

"உன் பேரைச் சொல்லிச்சு."

அந்த இடத்திலேயே அண்ணி விளையாட்டைக் கைபேசியிலிருந்து நீக்கினாள். அண்ணன் எழுந்து வந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்து, என்ன என்று உதட்டால் கேட்டார். ஒன்றுமில்லை, தேநீர் போடட்டுமா என்றாள் அண்ணி.

மறுநாள் காது, காது கேட்காத அந்த மனிதருக்கு எழுதினாள். உங்கள் ஆள் இப்போது என்ன சொல்கிறார் என்று மட்டும் கேட்டாள். மாலைக்குள் பதில் வந்தது.

"என் பெயரைச் சொல்கிறார். இந்த விளையாட்டில் நான் எங்கேயும் என் பெயரைக் கொடுக்கவில்லை, எப்படித் தெரிந்தது என்று புரியவில்லை. ஆனால் என்னை யாராவது கூப்பிட்டாலும் எனக்குத் தெரியாமலே போய்விடும். இவர் நான் பார்க்கும்வரை காத்திருந்து கூப்பிடுகிறார். தயவுசெய்து இதையும் எடுத்துவிடாதீர்கள்."

அவள் அதை ஒலிப்பதிவாளருக்கு அனுப்பவில்லை. மேனேஜரிடமும் சொல்லவில்லை. வேறு பிரிவுக்கு மாற்றல் கேட்டாள், கிடைத்தது. இப்போது மலை, மரம், மேகம் பற்றி வரும் கருத்துகளைப் படிக்கிறாள். மேகம் ரொம்ப வெள்ளையாக இருக்கிறது என்று நிறையப் பேர் குறைப்பட்டுக்கொள்கிறார்கள்.