சாவிக்குப் பதில் தவளை

சனிக்கிழமை மாலை சாவியை டப்பாவில் வைத்தவள் நான்தான். திங்கட்கிழமை காலை திறந்தபோது, உள்ளே பச்சை நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் தவளை உட்கார்ந்திருந்தது.

மாமாவின் விதைக் கடை, பழைய சந்தையின் வாசல் வளைவை ஒட்டியிருக்கிறது. வளைவின் அடிச்சுவரில் ஒரு கல் பெயர்ந்து பொந்து விழுந்திருக்கும். கடைச் சாவியை ஒரு மிட்டாய் டப்பாவில் போட்டு அந்தப் பொந்தில் வைத்துவிட்டுப் போவோம். காலையில் முதலில் வருகிறவர் எடுத்துத் திறக்க வேண்டும். "சாவி வீட்டுக்குப் போனா கடையும் பின்னாடியே போயிடும்" என்பது மாமாவின் கொள்கை. இன்னொரு சாவி எப்போதும் அவர் இடுப்பில் இருக்கும். பொந்து தெரிந்தவர்கள் மூன்றே பேர். மாமா, நான், விதைகளைப் பொட்டலம் கட்டும் அக்கா.

கடையில் ஒரு பொட்டலம்கூடக் குறையவில்லை. அதுதான் மாமாவை அதிகம் உறுத்தியது.

"எடுத்தவன் இன்னும் வரல. சாவகாசமா வருவான்" என்றார்.

எதிர்க்கடைப் பூட்டுக்காரர் தவளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது சும்மா வச்சதில்ல. குறி. உள்ள குதிக்கப் போறேன்னு அர்த்தம். எங்கிட்ட ஒரு பூட்டு இருக்கு, யானை மிதிச்சாலும் திறக்காது."

"யானைக்கு எதுக்குய்யா முள்ளங்கி விதை?" என்ற மாமா, பூட்டையும் வாங்கிக்கொண்டார். அதன் இரண்டு சாவிகளையும் இடுப்பிலேயே சொருகிக்கொண்டார்.

அக்கா தண்ணீர் பிடிக்கப் போனதும் என் பக்கம் திரும்பினார். "பூச்சி, நீ ஏதாவது பாத்தியா?"

வாயில்லாப் பூச்சி என்பதன் சுருக்கம் அது. பள்ளிக்கூடத்தை விட்டு நின்று இங்கே வந்ததிலிருந்து என் பெயர் அதுதான். கேட்டால் மட்டும் பேசுவேன். மாமா கேட்டார், பேசினேன்.

"சனிக்கிழமை கடையடைச்ச பிறகு அக்கா அந்தச் சுவத்துப் பக்கம் நின்னுட்டிருந்தாங்க."

பொய்யில்லை. தெருமுனையில் திரும்பும்போது பார்த்தேன். தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

மாமாவின் கண்கள் சுருங்கின. அக்காவின் புதுச் செருப்பு அன்றைக்குத்தான் அவர் கண்ணில் பட்டது. "வர்ற சனிக்கிழமை வரைக்கும் பாப்பேன். சாவி வரலன்னா வேற எடம் பாத்துக்கச் சொல்லிடுவேன்" என்றார். அக்காவின் கணவர் இடுப்பெலும்பு முறிந்து படுத்து இரண்டு வருஷம் ஆகிறது. இந்தச் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் உலை கொதிக்கிறது.

அதற்குப் பிறகு நானும் அவளைக் கவனிக்கத் தொடங்கினேன். சந்தேகம் வந்துவிட்டால் சும்மா இருப்பதும் குற்றமாகத் தெரிகிறது. கீரை விதையை மடிக்கும்போது பாடினால், ஏன் இன்றைக்குப் பாட்டு என்று தோன்றியது. பாடாவிட்டால், ஏன் பாடவில்லை என்று தோன்றியது. டப்பா இருந்த பொந்தை அவள் ஒருமுறை எட்டிப் பார்த்தாள். தேடுகிறாளா, திருப்பி வைக்க நேரம் பார்க்கிறாளா?

செவ்வாய்க்கிழமை மாலை அவள் கிளம்பும்போது மாமா தொண்டையைச் செருமினார். "பையைக் கொஞ்சம்..."

அக்கா பையைக் கல்லா மேசையில் கவிழ்த்தாள். சீப்பு, காலி டிபன் பாக்ஸ், ஒரு மாத்திரை அட்டை.

"கொண்டையையும் அவுத்துக் காட்டணுமா அண்ணே?"

மாமா தராசைத் துடைக்க ஆரம்பித்தார். நான் குனிந்து சாக்குத் தைத்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம் வளைவுக்கு இரண்டு பேர் வந்தார்கள். தொப்பி போட்ட ஓர் ஆள், அவர் மனைவி போல ஒரு பெண். அந்த அம்மா சுவரோரம் குனிந்து செருப்பின் வாரைச் சரிசெய்தார். எழுந்து சுற்றிப் பார்த்தார். மறுபடி குனிந்தார். மூன்றாவது முறையும் குனிந்தபோதுதான் கவனித்தேன், அந்தச் செருப்பில் வாரே இல்லை. தொப்பிக்காரர் அண்ணாந்து புறாக்களைப் பார்த்தபடி நின்றார். கண் புறாவில், கை சுவரில். அந்தக் கை கல் கல்லாகத் தடவிக்கொண்டே போய் எங்கள் பொந்தில் நுழைந்தது.

அக்கா உள்ளே எடை போட்டுக்கொண்டிருந்தாள். மாமா சாப்பிடப் போயிருந்தார். மறுநாள் சனிக்கிழமை.

என் கால்கள் எப்படிப் போயின என்று தெரியவில்லை. "என் மாமா சாவி" என்றேன்.

இருவரும் மின்சாரம் தொட்டதுபோலத் துள்ளினார்கள்.

"எந்தச் சாவிம்மா?"

"அந்தப் பொந்துல இருந்தது. எடுத்துட்டுத் தவளை வச்சீங்களே."

அந்த அம்மா கணவரைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார். "ஐயையோ, அது நம்ம டப்பா இல்லைங்க!"

பிறகு சொன்னார்கள். அது ஒரு விளையாட்டாம். யாரோ ஒருவர் ஊருக்குள் எங்காவது ஒரு டப்பாவை ஒளித்துவைத்து, இருக்கும் இடத்தைப் போனில் போடுவாராம். மற்றவர்கள் போன் காட்டும் வழியில் வந்து தேடுவார்களாம். உள்ளே இருப்பதில் ஒன்றை எடுத்தால், பதிலுக்கு ஒன்றை வைக்க வேண்டும். ஊர்க்காரர்கள் கண்ணில் படக்கூடாது என்பதுதான் முக்கியமான விதி.

"அதான் திருடங்க மாதிரியே நடந்துக்குறோம்" என்றார் தொப்பிக்காரர்.

போனைக் காட்டினார். முன்பு வந்தவர்கள் எழுதியிருந்த குறிப்புகள் வரிசையாக இருந்தன. போன ஞாயிற்றுக்கிழமை தேதியில் யாரோ எழுதியிருந்தார்கள்: 'வாசல் வளைவு டப்பா கிடைத்தது. பெயர் எழுத நோட்டு இல்லை. பழைய சாவி ஒன்றை எடுத்துக்கொண்டு தவளையை வைத்தோம். அருமையான இடம்.' உண்மையான டப்பா அதே சுவரில் நான்கு கல் தள்ளி, தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால் இருந்தது. ஒரு வாரமாக அதை யாரும் தொடவில்லை. தொப்பிக்காரர் அங்கேயே, தவளைக் குறிப்பை எழுதியவருக்குச் செய்தி அனுப்பினார். உடனே பதில் வந்தது. மன்னிப்புக் கேட்டிருந்தார். சாவியை மறுநாளே வேறு ஊர் டப்பா ஒன்றில் போட்டுவிட்டாராம். இப்போது யார் கையில் இருக்கிறதோ தெரியாதாம்.

"கடைக்கு வந்து மாமாகிட்ட சொல்லுங்க. இல்லன்னா அக்காவுக்கு வேலை போயிடும்" என்றேன். இவ்வளவு நீளமாக வெளியாட்களிடம் நான் பேசியதே இல்லை.

சாப்பிட்டுத் திரும்பிய மாமா போனைத் தள்ளிப் பிடித்தும் கிட்டப் பிடித்தும் படித்தார். "இதை யார் வேணா எழுதலாமே?"

"தேதியப் பாருங்க சார். தவளைன்னும் போட்டிருக்கு."

"வேலை வெட்டி இல்லாதவங்களா நீங்க?"

"ஞாயித்துக்கிழமை மட்டும் சார். இன்னைக்கு லீவு போட்டோம்."

மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர்கள் போனதும் அக்கா பக்கம் திரும்பாமலே சொன்னார்: "எனக்கு உன்மேல சந்தேகமே இல்லம்மா. இந்தப் பூச்சிதான் உன்னை அங்க பாத்ததா சொன்னா."

அக்காவின் கை பொட்டலத்தின் மேல் நின்றது.

"கடைக்குள்ள போன் சிக்னல் எடுக்காதுன்னு உனக்குத் தெரியும்ல?" என்றாள் என்னிடம். "ஆஸ்பத்திரியிலேர்ந்து கூப்பிட்டாங்க. அதான் வெளிய நின்னு பேசினேன். எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

மாமாவிடம் பேசியிருந்தேன், முன்பின் தெரியாதவர்களிடமும் பேசியிருந்தேன். ஐந்து நாள் பக்கத்திலேயே உட்கார்ந்து விதை மடித்தவளிடம் மட்டும் எதுவும் கேட்கவில்லை.

மாமா இடுப்பிலிருந்து புதுச் சாவி ஒன்றை உருவி, அக்கா முன்னால் வைத்தார். "இனிமே பொந்தெல்லாம் வேணாம். நீயே வீட்டுக்குக் கொண்டு போ."

அக்கா அதைத் தொடவில்லை. எடை போட்ட விதையைத் தாளில் கொட்டி, நான்கு பக்கமும் மடித்து, நூலைச் சுற்றினாள்.

"அவகிட்டயே குடுங்கண்ணே. நான் இனிமே கடை திறந்த பிறகு வர்றேன்."

இப்போது தினமும் நான்தான் திறக்கிறேன். அக்கா எனக்கு முன்னாலேயே வந்துவிடுகிறாள். ஆனால் எதிரே பூட்டுக்கடைப் படியில் உட்கார்ந்திருப்பாள். நான் கதவைத் தூக்கி, விளக்கைப் போட்டு, மாமாவும் வந்து உட்கார்ந்த பிறகுதான் தெருவைக் கடப்பாள்.